ஐ.சி.யூ கனவு... ஜெனரல் வார்டு ஆர்டர்! நர்சிங் முடித்தவர்களின் முதல் வேலையை யார் முடிவு செய்கிறார்கள்?

உலகம் முழுக்க இன்னும் 58 லட்சம் நர்ஸ்கள் தேவைப்படுகிறார்கள். 2025 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உலக நர்சிங் நிலை அறிக்கையில் இருக்கும், 2023-ம் ஆண்டு நிலவரக் கணக்கு இது. அப்படின்னா நர்சிங் முடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரிகள் சிவப்புக் கம்பளம் விரிக்கணும், இல்லையா?

நடப்பது வேறு. நாலு வருஷம் பி.எஸ்சி நர்சிங் படித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு பண்ணி, வாக்-இன் இன்டர்வியூவுக்குப் போய் உட்கார்ந்து, ''எனக்கு என்.ஐ.சி.யூ-ல வேலை செய்யணும்னு ஆசை'' என்று சொன்னால், எதிர்ப்பக்கம் வரும் முதல் கேள்வி: ''எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?'' இப்போதான் படித்து முடித்தவருக்கு அது எங்கிருந்து வரும்? கடைசியில், ''இப்போதைக்கு மேல் ஃப்ளோர் வார்டுல ஜாயின் பண்ணுங்க, அப்புறம் பார்க்கலாம்'' என்று ஆர்டர் கைக்கு வரும். அந்த 'அப்புறம்' எப்போ வரும் என்பது ஆர்டரில் இருக்காது.

படிக்கும்போதே 'நான் கேஷுவாலிட்டிதான்', 'எனக்கு ஓ.டி', 'நான் பச்சக் குழந்தைங்க வார்டு' என்று முடிவு பண்ணி வைத்திருப்பவர்கள் நிறைய. அவர்கள் ஆசைக்கும் கையில் வரும் ஆர்டருக்கும் நடுவில் என்ன நடக்கிறது? அந்த இடைவெளியைத் தாண்ட வழி இருக்கிறதா?

பற்றாக்குறை வேற, காலியிடம் வேற!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'நர்ஸ் பற்றாக்குறை' என்பது மக்களுக்கு எத்தனை பேர் தேவை என்ற கணக்கு. 'காலியிடம்' என்பது ஒரு ஆஸ்பத்திரி எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கத் தயாராக இருக்கிறது என்ற கணக்கு. ரெண்டும் ஒன்று கிடையாது. பத்து பேர் தேவைப்படும் இடத்தில் ஆறு பேரை வைத்து ஓட்ட முடியும் என்று நிர்வாகம் நினைத்தால், அங்கே பற்றாக்குறை இருக்கும், காலியிடம் இருக்காது.

ரெண்டாவது விஷயம், அனுபவம் உள்ளவர்கள் வெளியே போய்க்கொண்டே இருக்கிறார்கள். அதே உலக சுகாதார நிறுவன அறிக்கைப்படி, உலகில் ஏழு நர்ஸ்களில் ஒருவர் தான் பிறந்த நாட்டுக்கு வெளியே வேலை செய்கிறார். நம்ம ஊர் ஐ.சி.யூ-வில் ரெண்டு வருஷம் தேறியவர்தான் வளைகுடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ விசா வாங்கிக் கிளம்புகிறார். அவர் விட்டுப்போன இடத்துக்கு ஆஸ்பத்திரி தேடுவது அவரைப் போலவே ரெண்டு வருஷம் தேறிய ஒருவரை. ஃப்ரெஷரை அல்ல.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. வென்டிலேட்டர் நோயாளியைத் தனியாகப் பார்க்கும் அளவுக்கு ஒரு புது நர்ஸைத் தயார் பண்ண மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் அவருக்குச் சம்பளம் கொடுக்கணும், கூடவே ஒரு சீனியரின் நேரத்தையும் ஒதுக்கணும். 'இவ்வளவும் செஞ்சு விட்டா, ரெண்டு வருஷத்துல கிளம்பிடுவாங்களே' என்பது நிர்வாகத்தின் கணக்கு. 'கத்துக்கொடுக்கலைன்னா நான் எப்படித் தேறுவேன்?' என்பது ஃப்ரெஷரின் கணக்கு. பயிற்சிச் செலவை யார் ஏற்பது என்ற இந்தக் கேள்விக்கு விடை இல்லாததால்தான் 'எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?' என்ற கேள்வி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் துறை ஏன் இவ்வளவு முக்கியம்?

'எந்த வார்டா இருந்தா என்ன, நர்ஸ் நர்ஸ்தானே' என்று வீட்டில் சொல்வார்கள். சான்றிதழ் அப்படிச் சொல்லாது. அனுபவச் சான்றிதழில் நீங்கள் வேலை செய்த துறையின் பெயர் இருக்கும். வெளிநாட்டு வேலை விளம்பரங்களைப் பாருங்கள். 'ஐ.சி.யூ - ரெண்டு வருடம்', 'ஓ.டி - ரெண்டு வருடம்' என்று துறை வாரியாகத்தான் கேட்பது வழக்கம். ஜெனரல் வார்டில் மூணு வருஷம் ஓடியவர் அந்த ஐ.சி.யூ வேலைக்கு விண்ணப்பித்தால், அந்த மூணு வருஷம் அங்கே செல்லுபடியாகாமல் போகலாம்.

மேல்படிப்பிலும் அனுபவம் கேட்கிறார்கள். எம்.எஸ்சி நர்சிங் சேர பி.எஸ்சி முடித்தபின் ஒரு வருட அனுபவம் வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த தீவிர சிகிச்சை 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற ரெண்டு வருட முதுநிலைப் படிப்புக்கும் குறைந்தது ஒரு வருட மருத்துவமனை அனுபவம் வேண்டும். அது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் இன்னும் நல்லது. ஆக, முதல் வேலை நீங்கள் அடுத்து எந்தக் கதவைத் தட்டலாம் என்பதையும் ஓரளவு முடிவு பண்ணிவிடுகிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருப்பு, சின்ன ஆஸ்பத்திரியில் நேரடி என்ட்ரி

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஃப்ரெஷருக்கு ஐ.சி.யூ கிடைக்கவே கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிடைக்கும். சில இடங்களில் முதல் நாளே கிடைக்கும். எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பெரிய கார்ப்பரேட் மருத்துவமனைகளும் பழைய மிஷன் மருத்துவமனைகளும் பொதுவாகப் புது நர்ஸுக்கு முதலில் இண்டக்‌ஷன், பிறகு வார்டு, அப்புறம் சிறப்புப் பிரிவு என்று படிப்படியாக அனுப்புகின்றன. என்.ஏ.பி.எச் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை என்றால், எந்த நர்ஸ் எந்த வேலையைச் செய்யத் தகுதியானவர் என்று சரிபார்த்து எழுதிவைக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அதனால் அங்கே காத்திருக்க வேண்டியிருக்கும்.

பத்து படுக்கை ஐ.சி.யூ வைத்திருக்கும் சின்ன ஆஸ்பத்திரியின் நிலைமை வேறு. தேறியவருக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கொடுக்க அவர்களால் முடியாது, அல்லது மனசு வராது. ஃப்ரெஷர் குறைந்த சம்பளத்துக்கு வருவார். அதனால் அவரையே ஐ.சி.யூ-வில் நிறுத்துகிறார்கள். இன்டர்வியூவில் ''ஐ.சி.யூ-தான் போடுவோம்'' என்று சொன்னதும் நமக்கு லாட்டரி அடித்த மாதிரி இருக்கும். முதல் நைட் டூட்டியில் மூணு நோயாளி, ரெண்டு வென்டிலேட்டர், பக்கத்தில் கேட்க ஒரு சீனியர்கூட இல்லை என்ற நிலை வரும்போதுதான் லாட்டரி யாருக்கு அடித்தது என்று புரியும்.

மத்திய அரசின் ஊழியர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவுகோல், ஜெனரல் வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ், ஐ.சி.யூ-வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்கிறது. இந்த அளவுகோல் காற்றில் பறக்கும் இடத்தில், ஒரு புது நர்ஸ் தவறு செய்தால் பாதிப்பு முதலில் நோயாளிக்கு, அடுத்து அந்த நர்ஸின் பெயருக்கு. ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் அவருடையது. கேஸ் ஷீட்டில் இருக்கும் கையெழுத்தும் அவருடையது. ஆள் போடாத நிர்வாகத்தின் கையெழுத்து அந்த ஷீட்டில் எங்கேயும் இருக்காது.

'முதல்ல வார்டு, அப்புறம்தான் ஐ.சி.யூ' - சரியா?

இது நர்சிங் உலகத்தில் ரொம்ப காலமாக ஓடும் பட்டிமன்றம். அமெரிக்காவில் ஆரம்பித்து நம்ம ஊர் ஹாஸ்டல் ரூம் வரை நடக்கிறது.

'வார்டு முதல்' அணி சொல்வது இது: ஒரு ஷிஃப்ட்டில் பல நோயாளிகளைச் சமாளிப்பது, யாரை முதலில் பார்ப்பது என்று முடிவு பண்ணுவது, டாக்டருக்கு போன் பண்ணி சுருக்கமாக நிலைமையைச் சொல்வது, அட்டெண்டர்களின் கோபத்தைக் கையாள்வது... இதெல்லாம் வார்டில்தான் கைவரும். நன்றாக இருக்கும் ஒரு நோயாளி மெல்ல மோசமாவது எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தவருக்குத்தான் ஐ.சி.யூ மானிட்டரில் ஓடும் எண்களின் அர்த்தம் புரியும்.

'நேரடியா சிறப்புப் பிரிவு' அணி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெட்ரீஷியா பென்னர் என்ற அமெரிக்க நர்சிங் அறிஞர் 1984-ல் எழுதிய நூலில், ஒரு நர்ஸ் புதியவர் நிலையிலிருந்து வல்லுநர் நிலைக்குப் போக ஐந்து படிகள் இருப்பதாகச் சொன்னார். ஒரே மாதிரிச் சூழலில் ரெண்டு, மூணு வருஷம் வேலை செய்தபிறகுதான் நடுப்படியான 'திறமையானவர்' நிலை வரும் என்பது அவர் கணக்கு. அதே பென்னர் இன்னொன்றும் சொன்னார்: தேறிய நர்ஸாக இருந்தாலும், பழக்கமே இல்லாத நோயாளிகள் இருக்கும் துறைக்குப் போனால் மறுபடி புதியவர்தான். பெரியவர்கள் வார்டில் ரெண்டு வருஷம் இருந்தவர், என்.ஐ.சி.யூ-வில் ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஐ.வி லைன் போடும்போது முதல் நாள் மாணவிதான். அப்போ எதுக்கு அந்த ரெண்டு வருஷம்?

ரெண்டு அணியும் பேச மறந்த ஒன்று உண்டு. 1974-லேயே மார்லின் கிரேமர் என்ற ஆய்வாளர், கல்லூரியில் கற்றதற்கும் ஆஸ்பத்திரி நிஜத்துக்கும் நடுவில் புது நர்ஸ்கள் மாட்டிக்கொண்டு தவிப்பதை 'நிஜத்தின் அதிர்ச்சி' என்று விவரித்தார். அந்த அதிர்ச்சி வார்டிலும் வரும், ஐ.சி.யூ-விலும் வரும். அதைத் தாங்க வைப்பது கூடவே நின்று சொல்லித்தரும் ஒரு ஆள்.

அதனால் என் கட்சி இதுதான்: எந்தத் துறை என்பதைவிட, அந்தத் துறையில் முதல் மூணு மாதம் உங்களை யார் கையில் ஒப்படைக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். பக்கத்தில் சீனியர் இருக்கும் ஐ.சி.யூ-வில் ஃப்ரெஷர் தாராளமாகச் சேரலாம். சீனியர் இல்லாத ஐ.சி.யூ-வைவிட, நல்ல இன்சார்ஜ் சிஸ்டர் இருக்கும் வார்டு பல மடங்கு மேல்.

எந்தத் துறைக்கு எந்த வாசல்?

எல்லாச் சிறப்புப் பிரிவும் ஒரே மாதிரி பூட்டிக் கிடக்கவில்லை. சில கதவுகள் லேசாகத் தள்ளினாலே திறக்கும்.

ஐ.சி.யூ: போட்டி அதிகம், ஆள் மாற்றமும் அதிகம். அதனால் இடம் உருவாகிக்கொண்டே இருக்கும். இன்டர்வியூவில் அடிப்படையை உலுக்கிப் பார்ப்பார்கள். ரத்தத்தில் பி.எச் 7.35 முதல் 7.45, பொட்டாசியம் 3.5 முதல் 5 என்பதெல்லாம் தூக்கத்திலும் வரணும். முக்கியமாக மருந்துக் கணக்கு. 60 கிலோ நோயாளிக்கு நிமிடத்துக்கு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் டோபமின், 50 மில்லி சிரிஞ்சில் 200 மில்லிகிராம் மருந்து என்றால் பம்ப் வேகம் எவ்வளவு? மணிக்கு 18 மில்லிகிராம் தேவை, ஒரு மில்லியில் 4 மில்லிகிராம் இருக்கிறது, எனவே மணிக்கு 4.5 மில்லி. இதைத் தாளில் போட்டுக் காட்டும் ஃப்ரெஷரை எந்த நர்சிங் சூப்பரின்டெண்டெண்ட்டும் மறக்க மாட்டார்.

கேஷுவாலிட்டி: அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம் வந்தபிறகு, வரும் நோயாளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறை பரவலாகப் பழக்கத்துக்கு வந்திருக்கிறது. இன்டர்ன்ஷிப்பில் இதைப் பார்த்திருந்தால், அதையே இன்டர்வியூவில் உதாரணமாகச் சொல்லுங்கள். பி.எல்.எஸ், ஏ.சி.எல்.எஸ் சான்றிதழ்கள் இங்கே கைகொடுக்கும். அமெரிக்க இதயச் சங்கத்தின் சான்றிதழுக்கு ரெண்டு வருடம்தான் ஆயுள் என்பதால், முதல் வருஷத்திலேயே எடுத்துக் காலாவதி ஆக்கிவிடாதீர்கள். வேலை தேடும் நேரத்தில் எடுங்கள்.

என்.ஐ.சி.யூ: பொறுமையும் கை நுணுக்கமும் வேண்டும். இந்தியக் குழந்தைகள் மருத்துவச் சங்கம் நடத்தும் பச்சிளங்குழந்தை உயிர்ப்பித்தல் பயிற்சி நல்ல நுழைவுச்சீட்டு. தனியாரில் இடம் கிடைக்கவில்லை என்றால், அரசு மருத்துவமனைகளில் இருக்கும் பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பிரிவுகளுக்கு மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் ஒப்பந்த அடிப்படையில் ஸ்டாஃப் நர்ஸ் எடுக்கும் அறிவிப்புகளைக் கவனியுங்கள். அவை மாவட்ட இணையதளங்களில் வரும்.

ஓ.டி: இங்கே ஓ.டி டெக்னீஷியன்களும் இருப்பதால் நர்ஸ் இடங்கள் கொஞ்சம் குறைவு. ஸ்டெரிலைசேஷன், கருவிகளின் பெயர், உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், இந்த மூன்றையும் தெரிந்து வைத்தால் நீங்கள் தனியாகத் தெரிவீர்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும். ஓ.டி-யில் வருஷக்கணக்கில் இருந்தால் வார்டு வேலை கை விட்டுப்போகும். அப்புறம் திரும்பி வருவது சிரமம்.

மனநலம்: பலர் திரும்பிக்கூடப் பார்க்காத கதவு. ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த பொது நர்சிங் பட்டமோ பட்டயமோ பெற்றவரையும் 'மனநல நர்ஸ்' என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. போட்டி குறைவு, தேவை அதிகம். பையன்களுக்கு எளிதில் இடம் கிடைக்கும் துறையும்கூட.

புற்றுநோய், வலி தணிப்பு சிகிச்சை: கீமோ மருந்தைப் பாதுகாப்பாகக் கையாள்வது, நரம்புக்கு வெளியே கசிந்தால் உடனே என்ன செய்வது என்று தெரிந்தவர்களுக்கு மதிப்பு அதிகம். மனசுக்கு பாரமான துறை. அதைத் தெரிந்தே விரும்பி வருகிறேன் என்று சொல்லும் ஃப்ரெஷரை அங்கே உட்காரவைத்துப் பேசுவார்கள்.

வேலை கிடைக்காமலே நிற்கிறது என்றால், இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரித்த ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ படிப்புகளையும் யோசிக்கலாம். தீவிர சிகிச்சை, அவசர சிகிச்சை, பச்சிளங்குழந்தை, புற்றுநோய், ஆபரேஷன் தியேட்டர், மனநலம் என்று துறை வாரியாக இருக்கின்றன. சேர்வதற்கு முன் எவ்வளவு அனுபவம் கேட்கிறார்கள், கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதைக் கவுன்சில் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு வேலைன்னா துறையை நாமே தேர்ந்தெடுக்கலாமா?

இல்லை. இதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டுதான் தேர்வுக்கு உட்காரணும். எய்ம்ஸ் நிறுவனங்களுக்கான 'நார்செட்' தேர்வு 2020-ல் தொடங்கியது. பி.எஸ்சி நர்சிங் முடித்துப் பதிவு செய்தவர்கள் அனுபவம் இல்லாமலே எழுதலாம். டிப்ளமோ முடித்தவர்களுக்கு 50 படுக்கை மருத்துவமனையில் ரெண்டு வருட அனுபவம் வேண்டும். அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். ஃப்ரெஷருக்கு இதைவிட நியாயமான கதவு குறைவு. ஆனால் அது உங்கள் மதிப்பெண்ணைத்தான் கேட்கும், ஆசையைக் கேட்காது. எந்த வார்டு என்பதைச் சேர்ந்தபிறகு நிர்வாகம் முடிவு பண்ணும். பையன்கள் கவனத்துக்கு: அதில் 80 சதவிகித இடங்கள் பெண்களுக்கு, 20 சதவிகிதம்தான் ஆண்களுக்கு.

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி-யின் கதை கொஞ்சம் கசப்பானது. 2015-ல் போட்டித் தேர்வு வைத்து 7,000-க்கும் மேற்பட்ட நர்ஸ்களைத் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். ஆரம்ப ஊதியம் மாதம் 7,700 ரூபாய். ரெண்டு வருடத்தில் பணி நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ் வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு தொகுப்பூதியம் உயர்ந்தது. நிரந்தரம் மட்டும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரவில்லை. அரசு ஒப்பந்த வேலையில் சேரும்போது, இது அனுபவத்துக்கான படியா, நிரந்தரத்துக்கான வரிசையா என்று உங்களுக்குள்ளேயே ஒரு தெளிவு இருக்கட்டும்.

சம்பளம்: பேச வெட்கப்படாதீங்க!

'பிடிச்ச டிபார்ட்மென்ட் கிடைச்சா போதும், சம்பளம் எவ்வளவா இருந்தாலும் பரவாயில்ல' என்ற மனநிலைதான் ஃப்ரெஷரின் பலவீனம். அது எச்.ஆருக்கும் தெரியும்.

உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில், தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் நிலையை ஆராய ஒரு குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு சொன்ன பரிந்துரை இது: 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், 100 முதல் 200 படுக்கை என்றால் அதில் 10 சதவிகிதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 படுக்கை என்றால் 25 சதவிகிதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50-க்கும் கீழே என்றாலும் குறைந்தது 20,000 ரூபாய். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் பரிந்துரை பரிந்துரையாகவே இருந்தால் யாரையும் கட்டுப்படுத்தாது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் நர்ஸ் சங்கங்கள் தெருவில் இறங்கிப் போராடியபிறகு, 2018-ல் 20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு அரசாணை வந்தது. தானாக எதுவும் வரவில்லை.

இன்றும் இங்கே பல சின்ன ஆஸ்பத்திரிகளில் அந்த 20,000-த்தைத் தொடாத ஆரம்பச் சம்பளம்தான் பேசப்படுகிறது. ஹாஸ்டல், சாப்பாடு என்று அதிலும் பிடித்துவிட்டு மீதியைக் கொடுப்பவர்கள் உண்டு. கல்விக் கடன் இ.எம்.ஐ வாசலில் நிற்கும் வீட்டுக்கு, அந்த மீதி என்ன என்பதுதான் நிஜமான சம்பளம்.

ஆர்டரில் கையெழுத்து போடுவதற்கு முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. ஆர்டரில் துறையின் பெயர் எழுதித் தருவீர்களா? வாய்மொழி வாக்குறுதி ஷிஃப்ட் சார்ட்டில் வராது.

2. ஓரியன்டேஷன் எத்தனை வாரம்? அந்த நாட்களில் தனியாக நோயாளி பொறுப்பு தருவீர்களா, சீனியருடன் சேர்த்தா?

3. அந்தப் பிரிவில் நைட் டூட்டிக்கு எத்தனை நர்ஸ், எத்தனை படுக்கை? இதற்கு நேரடியாகப் பதில் வரவில்லை என்றால் அதுவே ஒரு பதில்.

4. ஆள் குறைந்தால் என்னை வேறு பிரிவுக்கு அனுப்புவீர்களா? எத்தனை நாளைக்கு ஒருமுறை?

5. பாண்டு இருக்கிறதா? எத்தனை வருடம், நடுவில் போனால் எவ்வளவு கட்டணும், பதிலுக்கு என்ன பயிற்சி தருகிறீர்கள்? பயிற்சியே இல்லாத பாண்டு, உங்களைக் கட்டிப்போடும் கயிறு மட்டும்தான்.

6. வேலையை விடும்போது அனுபவச் சான்றிதழில் துறையின் பெயரும் தேதியும் இருக்குமா?

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால், சரிபார்த்துவிட்டு உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அவை உங்கள் சொத்து. அடமானம் வைக்கும் பொருள் கிடையாது.

இன்னொரு எச்சரிக்கை. வேலை செய்யாத ஐ.சி.யூ-வுக்குக் காசு கொடுத்து அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று சொல்பவர்கள் வருவார்கள். வளைகுடா நாடுகள் சான்றிதழ் கொடுத்த இடத்திலேயே நேரடியாகச் சரிபார்க்கின்றன. அங்கே மாட்டினால் போவது விசா மட்டுமில்லை, உழைத்து வாங்கிய உண்மையான பட்டத்தின் மரியாதையும்தான்.

கல்லூரியில் இருக்கும்போதே ஆரம்பிங்க

2021-ல் இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த செமஸ்டர் பாடத்திட்டத்தில் எட்டாவது செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப். இதை வருகைப்பதிவுக்கான சடங்காக நினைக்காமல், ஆறு மாத இன்டர்வியூவாக நினையுங்கள். பிடித்த துறையில் போஸ்டிங் வரும்போது அங்கே என்னென்ன செய்முறைகளைப் பார்த்தீர்கள், எதற்கு உதவினீர்கள், எதை மேற்பார்வையில் நீங்களே செய்தீர்கள் என்று தேதியோடு குறித்து வையுங்கள். நோயாளியின் பெயர், விவரம் எதுவும் அதில் வேண்டாம். ரெஸ்யூமில் 'தீவிர சிகிச்சையில் ஆர்வம்' என்று எழுதுவதைவிட, இந்தப் பட்டியல் சத்தமாகப் பேசும்.

அந்தப் பிரிவின் இன்சார்ஜ் சிஸ்டருக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்கட்டும். 'அக்கா, இங்க வேகன்ஸி வந்தா சொல்லுங்க' என்று கிளம்பும் நாளில் சொல்வதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. பல காலியிடங்கள் விளம்பரமாக வருவதற்கு முன்பே இப்படி நிரம்பிவிடுகின்றன.

வார்டுதான் கிடைச்சுது... இப்போ?

சேருங்கள். ஆனால் தேதி குறித்துக்கொண்டு சேருங்கள். ஆறாவது மாதம் நர்சிங் சூப்பரின்டெண்டெண்ட்டிடம் துறை மாற்றத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஐ.சி.யூ-வில் இருந்து வார்டுக்கு மாறும் நோயாளிகளை விரும்பி வாங்கிக்கொள்ளுங்கள். ஐ.சி.யூ-வுக்கு ஆள் குறையும் நாளில் முதலில் கை தூக்குங்கள். ஒரு வருஷம் ஆகியும் அசைவில்லை என்றால், சான்றிதழை வாங்கிக்கொண்டு அடுத்த ஆஸ்பத்திரிக்கு 'ஒரு வருட அனுபவம் உள்ளவர்' என்ற வரிசையில் போங்கள். 'எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?' என்ற கேள்விக்கு அப்போது உங்களிடம் பதில் இருக்கும்.

சும்மா வீட்டில் உட்கார்ந்து கனவுத் துறைக்காக ஒரு வருஷம் காத்திருப்பது மட்டும் வேண்டாம். கை பழக்கம் போய்விடும். ரெஸ்யூமில் விழும் அந்த ஒரு வருட ஓட்டையை ஒவ்வொரு இன்டர்வியூவிலும் விளக்க வேண்டிவரும்.

இதில் ஃப்ரெஷர்கள் மட்டும் புத்திசாலியாக இருந்தால் போதாது. இத்தனை படுக்கை ஐ.சி.யூ-வுக்கு இத்தனை நர்ஸ், புதிதாகச் சேருபவருக்கு இத்தனை வாரப் பயிற்சி என்று சட்டம் போட்டு, அதைச் சோதித்தும் பார்க்க வேண்டிய பொறுப்பு அரசுக்கு இருக்கிறது. பழைய இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்தின் இடத்துக்கு 2023-ல் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. படிப்பின் தரத்தைப் பற்றி அது நிறையப் பேசுகிறது. படித்து முடித்தவரின் முதல் ஆறு மாதத்தைப் பற்றியும் யாராவது பேசியாக வேண்டும். ஏனென்றால், ராத்திரி ரெண்டு மணிக்கு ஐ.சி.யூ-வில் நம்ம அப்பாவின் மானிட்டர் அலறும்போது ஓடி வரப்போவது, போன மாதம் சேர்ந்த அந்த ஃப்ரெஷராகவும் இருக்கலாம்.